தூக்கிப் போட்டால் தாங்கும் தரை

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கால்களைச் சேர்த்து நேராக நின்றுகொண்டு, முழங்காலை மடக்காமல் குதிகால் இரண்டையும் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தூக்குங்கள். அப்படியே தொப்பென்று கீழே விடுங்கள். ஒரு தடவை போதும். முதுகிலோ மூட்டிலோ பிரச்சினை உள்ளவர்கள் செய்யவே வேண்டாம், நான் சொல்வதை நம்பினால் சரி. குதிகாலில் பட்ட அடி முதுகுத்தண்டு வழியாக ஏறிப் பல்வரிசையில் வந்து நிற்கும். விழுந்த உயரம் என்னவோ இரண்டு சென்டிமீட்டர்தான்.

இப்போது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து முதுகு தரைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூடோவில் தோளுக்கு மேல் சுழற்றிப் போடும்போது நடப்பது ஏறக்குறைய அதுதான். எறியக் கற்றுக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் விழுவதற்கு ஒரு ஆள் வேண்டும். ஒரு மாலை வகுப்பில் அந்த ஆள் முப்பது, நாற்பது தடவை விழுந்து எழுந்திருப்பார். வாரத்துக்கு மூன்று வகுப்பு என்றால் வருஷக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அத்தனை அடியையும் தரை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர் உடம்பு வாங்கிக்கொள்ளும்.

புதிதாகப் பயிற்சிக்கூடம் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சென்டிமீட்டர் மேட் வாங்கணும் மாஸ்டர்?" நான் பதிலுக்கு, "மேட்டை எதன் மேல விரிக்கப் போறீங்க?" என்று கேட்பேன். கொஞ்சம் விழிப்பார்கள். கான்கிரீட் தரை மேல்தான், வேறெங்கே? பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. மேட் ஒரு வேலையைச் செய்கிறது, அதற்குக் கீழே இருக்கும் தரை வேறொரு வேலையைச் செய்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்ட முடியாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தச்சுவேலை.

அடி எங்கிருந்து வருகிறது?

விழும்போது யாருக்கும் வலிப்பதில்லை. விழுந்தது நிற்கும்போதுதான் வலிக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற எதுவும் தரையைத் தொடும் நேரத்தில் நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர், அதாவது சைக்கிளை நிதானமாக மிதிக்கும் வேகம். அந்த வேகம் பூஜ்யமாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதுதான் கேள்வி.

கணக்கு எளிது. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுங்கள். உடம்பின் எடையைப் போல எத்தனை மடங்கு விசை அதை நிறுத்துகிறது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். நூறு சென்டிமீட்டர் விழுந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் நூறு மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் கிடைத்தால் ஐம்பது மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் கிடைத்தால் இருபது. இதெல்லாம் சராசரிக் கணக்கு. ஸ்பிரிங் மாதிரி அழுந்த அழுந்த விறைத்துக்கொள்ளும் பொருளில் உச்ச விசை இதைப் போல இரண்டு மடங்கு வரும். கான்கிரீட்டில் விழும்போது கிடைக்கும் தூரம் நம் தோலும் சதையும் நசுங்குகிற தூரம் மட்டும்தான். தரை தன் பங்குக்கு எதுவும் தருவதில்லை.

ஆக, அதிர்ச்சி தாங்கும் தரை என்று பெரிய பெயர் வைத்தாலும் அது செய்வது சில சென்டிமீட்டர் இடம் கொடுப்பது மட்டுமே. ஜூடோவிலும் ஐகிடோவிலும் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் உகேமியும், அதாவது விழும் முறையும், இதே கணக்கில்தான் ஓடுகிறது. முதுகை வளைத்து உருளும்போது உடம்பு ஒரே நேரத்தில் நிற்காமல் பகுதி பகுதியாக நிற்கிறது. கையால் தரையை அடிக்கும்போது சுமை கொஞ்சம் கைக்கும் பிரிகிறது. நல்ல தரை இருந்தால் உகேமி வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் உகேமியைத் தப்பும் தவறுமாகப் பழகுகிற முதல் மூன்று மாதம் இருக்கிறதே, அதற்குத்தான் தரை.

மெத்தென்று ஒரு மெத்தை போட்டுவிட்டால்?

எல்லாருக்கும் தோன்றுகிற யோசனைதான். தூரம்தான் வேண்டுமென்றால் தடிமனாக, மெத்தென்று ஒரு பஞ்சு மெத்தையைப் போட்டுவிடலாமே?

போட்டுப் பார்த்தவன் நான். பத்து சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச் மெத்தை. கையால் அழுத்தினால் சுகமாக இருந்தது. அதில் ஒரு எண்பது கிலோ ஆளைத் தூக்கிப் போட்டபோது, அவர் இடுப்பு ஸ்பாஞ்சைத் துளைத்துக்கொண்டு கீழே கான்கிரீட்டைத் தொட்ட சத்தம் கேட்டது. இதை அடி தட்டுதல் என்று சொல்வோம். ஃபோம் அழுந்துவதில் மூன்று கட்டம் உண்டு. முதலில் கொஞ்சம் எதிர்க்கும். அப்புறம் உள்ளே இருக்கும் காற்றறைகள் மடிய மடிய, ஏறக்குறைய ஒரே விசையில் இறங்கிக்கொண்டே போகும். நமக்கு வேலைக்காகிற பகுதி இதுதான். தன் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அழுந்திய பிறகு மடிவதற்குக் காற்றறை மிச்சமிருக்காது. அதற்கு மேல் அது ஃபோம் இல்லை, செங்கல். மெல்லிய ஃபோம் இந்தச் செங்கல் நிலைக்கு வேகம் குறையும் முன்பே போய்விடும். பத்து சென்டிமீட்டரில் ஏழு சென்டிமீட்டர் வீணாகச் செலவழிந்து, கடைசி ஒன்றில் எல்லா அடியும் விழும்.

இன்னொரு தொல்லை காலுக்கு. மெத்தென்ற தரையில் பாதம் புதைகிறது. உதைக்கும்போதும் எறியும்போதும் ஊன்றிய கால் சுழல வேண்டும். உடம்பு திரும்பிவிடும், புதைந்த பாதம் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். கணுக்கால் சுளுக்கும் கால்விரல் மடங்குவதும் தனிக் கதை.

அதனால்தான் ஜூடோ மேட்டை முதல் தடவை தொட்டுப் பார்க்கிறவர்கள் "இதுவா மேட்? கல்லு மாதிரி இருக்கே" என்கிறார்கள். நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் தடிமன், துண்டு ஃபோமை அரைத்து ஒட்டி அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோம், மேலே வினைல் உறை. ஒரு கனமீட்டருக்கு இருநூறு கிலோவுக்கு மேல் எடை வரும். சாதாரண சோபா ஃபோம் அதைவிட எத்தனையோ மடங்கு லேசு. கட்டைவிரலை வைத்து அழுத்தினால் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். கராத்தேக்காரர்கள் போடும், புதிர்த் துண்டு மாதிரி ஒன்றோடொன்று கோக்கிற ஈவா ஃபோம் மேட் இரண்டு சென்டிமீட்டர்தான். எறிதல் அதிகமில்லை, கால் நகர்வு அதிகம், அதற்கு அது போதும்.

சரி, மேட் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான மேட் கொடுக்கும் தூரமோ ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். மிச்சத்துக்கு எங்கே போவது? மேட்டுக்குக் கீழே போக வேண்டியதுதான்.

புள்ளிக்கு மேட், பரப்புக்குப் பலகை

தரைக்காரர்கள் பேச்சில் இரண்டு வகை உண்டு. அடி பட்ட இடம் மட்டும் குழிந்தால் அது புள்ளி நெகிழ்வு. மேட் இப்படித்தான். அடி பட்ட இடத்தைச் சுற்றிப் பெரிய வட்டமே சேர்ந்து இறங்கினால் அது பரப்பு நெகிழ்வு. கீழே ஸ்பிரிங்கோ ஃபோம் கட்டையோ வைத்து, மேலே பிளைவுட் போட்ட தரை இந்த வகை. உங்கள் தரை எந்த வகை என்று தெரிய ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி ஒருவரைக் குதிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் மேல் விரித்த மேட்டில் தண்ணீர் லேசாகச் சிலிர்க்கும், அவ்வளவுதான். பிளைவுட் தரையில் டம்ளரே ஒரு தடவை இறங்கி ஏறும். தண்ணீர் ததும்பிச் சிந்தும்.

பரப்பு நெகிழ்வு இவ்வளவு நல்லது என்றால் பிளைவுட் மட்டும் போதாதா, மேட் எதற்கு என்று கேட்கலாம். இதற்கான பதிலில்தான் முழுத் தரையின் சூட்சுமமும் இருக்கிறது.

பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு இருபது கிலோவுக்கு மேல் எடை. எழுபது கிலோ உடம்பு முதுகால் விழும்போது அந்தப் பலகையைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும். அடியில் இருக்கும் ஃபோம் கட்டைகள் அழுந்தும். கேட்ட தூரம் கிடைக்கும். ஆனால் தவறி விழுந்து பின்தலை மட்டும் தனியாகத் தட்டினால்? தலையின் எடை நான்கரை, ஐந்து கிலோ. அது அத்தனை கனமான பலகையை அந்த மில்லிநொடிகளில் அசைக்க முடியாது. பலகை நகரத் தொடங்குவதற்குள் அடி பட்டு முடிந்திருக்கும். கீழே எவ்வளவு நல்ல ஸ்பிரிங் இருந்தாலும் தலையைப் பொறுத்தவரை அது வெறும் மரப்பலகை. முழங்கை, முழங்கால், கணுக்கால் எலும்பு எல்லாவற்றுக்கும் இதே கதை. அந்தச் சின்ன, எடை குறைந்த பாகங்களுக்கு மேட். முதுகு, இடுப்பு என்று மொத்தமாக வந்து விழும் கனத்துக்குக் கீழ்த்தரை.

குழந்தைகள் வகுப்பு நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இருபது கிலோ குழந்தை, பெரியவர்களுக்காகக் கட்டிய பலகைத் தரையைச் சரியாக அழுத்துவதில்லை. பெரியவருக்குத் துள்ளலாக இருக்கும் தரை அதற்குக் கட்டாந்தரை மாதிரி. குழந்தைகளுக்கு எறிதல் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் மேட்டுக்கு மேல் இன்னொரு மெத்தையை இழுத்துப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விளையாட்டரங்கத் தரைகளுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 14904 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் 20 கிலோ எடையை 55 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் மேல் விட்டு, கான்கிரீட்டில் வந்த உச்ச விசையைவிட இந்தத் தரையில் எத்தனை சதவீதம் குறைகிறது என்று அளப்பார்கள். 25 முதல் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடைக்காரர் "அறுபது சதவீதம் அதிர்ச்சி குறையும்" என்று சொன்னால் பெரும்பாலும் இந்த மாதிரிச் சோதனையின் எண்ணைத்தான் சொல்கிறார். பொய்யில்லை. ஆனால் ஐந்தரை சென்டிமீட்டர் என்பது ஓடுகிறவர் கால் ஊன்றும் கணக்கு. தோளுக்கு மேலிருந்து வரும் முதுகைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் கூடைப்பந்துத் தரையை வாங்கி, மேலே மேட் விரிக்காமல் எறிதல் வகுப்பு நடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவுக்கும் தரைப் பிரச்சினை இருந்தது. 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் 12 பாய் அளவு இடத்தில்தான் அவர் கோடோகான் என்ற தன் ஜூடோப் பள்ளியை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. வைக்கோலை அழுத்தித் தைத்த டடாமிப் பாய், அதற்குக் கீழே மரச்சட்டத்தில் தாங்கிய பலகை. சீடர்கள் விழுந்து விழுந்து கீழ்ச்சட்டங்கள் உடைய, இரவில் லாந்தரோடு தரைக்கு அடியில் ஊர்ந்துபோய் அவரே செப்பனிட்டார் என்று சொல்வார்கள். ஆள் விழுவதற்காகக் கட்டிய தரை இல்லை அது. இருந்தாலும் பாருங்கள், மேலே புள்ளிக்குப் பாய், கீழே பரப்புக்கு வளையும் மரம் என்று அதே இரண்டு அடுக்கு ஏற்பாடு அங்கேயே இருந்திருக்கிறது.

அடியில் எதை வைப்பது?

வழிகள் பல. கம்பிச் சுருள் ஸ்பிரிங் ஜிம்னாஸ்டிக்ஸ் தரைக்குப் பேர்போனது. குதிப்பவரை மேலே தூக்கிவிட வேண்டும் என்பது அங்கே தேவை. நமக்கு அது தேவையில்லை. வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்தால் விழுந்தவர் ஒரு தடவை எம்பி மறுபடி விழுவார். பழைய டயர்களை அடுக்கி மேலே பலகை போடுகிறவர்களும் உண்டு. மலிவு, உழைப்பும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரே அளவு, ஒரே தேய்மானமுள்ள டயர் நாற்பது கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் தரை உயரம் ஏறிவிடும்.

மர ரீப்பர்களைக் கூடை பின்னல் மாதிரி அடுக்குவது பழைய, அழகான முறை. கீழ் ரீப்பர் இரண்டு தாங்கல்களுக்கு நடுவில் தொங்கும். அதன் நடுவில்தான் மேல் ரீப்பரின் தாங்கல் உட்காரும். எந்த எடையும் நேராகக் கான்கிரீட்டுக்குப் போகாமல், வளையும் மரத்தின் வழியாகவே போகும். ஒரே ஒரு இடத்தில் தாங்கலுக்கு நேர் மேலே தாங்கல் வந்துவிட்டால் அந்த இடம் செத்த இடம். அது எங்கே இருக்கிறது என்று யாருடைய முதுகாவது கண்டுபிடித்துச் சொல்லும். மூங்கில் வாளோடு பழகும் ஜப்பானிய வாள்கலையான கெண்டோவுக்கு இந்த மாதிரி மரத்தரைதான் பொருத்தம். அவர்கள் வெறுங்காலால் தரையை ஓங்கி மிதித்துப் பாய்கிறார்கள், மேட் போட முடியாது.

புதிதாகச் செய்கிறவருக்கு நான் சொல்வது ஃபோம் கட்டை. சத்தம் குறைவு, வேலை எளிது, தவறினால் திருத்திக்கொள்ளலாம். அழுந்தும்போது சக்தியில் ஒரு பகுதியைத் தானே வெப்பமாக விழுங்கிக்கொள்வதால் எம்பலும் குறைவு.

கட்டும்போது

முதலில் ரசமட்டத்தையும் ஒரு நீள மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பாருங்கள். பள்ளமிருந்தால் அங்கே வரும் கட்டை தொங்கும். ஒவ்வொரு அடிக்கும் "டக்" என்று தட்டும். பள்ளத்தை நிரவிவிட்டு, ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தால் தரையில் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். ஏறவில்லை என்றாலும் முழுத் தரைக்கும் தடித்த பாலிதீன் விரித்து, இணைப்புகளை ஒரு சாண் மேலேற்றி ஒட்டிவிடுவதே நல்லது. பிளைவுட்டை வாங்கிய அன்றே அடிக்காதீர்கள். அந்த அறையிலேயே இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். ஊதுவதும் சுருங்குவதும் அதற்குள் பெருமளவு முடிந்துவிடும்.

ஐந்து சென்டிமீட்டர் கனசதுரக் கட்டைகள், எல்லாம் ஒரே உயரம். முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்று வைத்தால் சதுர மீட்டருக்குப் பதினொன்று வரும். ஆறுக்கு ஆறு மீட்டர் அறைக்கு நானூறு கட்டை. கீழ் அடுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிட்டு, இரண்டு பேர் பிடித்துத் திருப்பிப் போடுவது சுலபம். பலகைகள் சேரும் கோட்டுக்கு அடியில் கூடுதலாக ஒரு வரிசை வையுங்கள். மேல் அடுக்கைக் குறுக்காகப் போட வேண்டும். செங்கல் சுவரில் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் அடுக்குவோமே, அதே மாதிரி. இரண்டு அடுக்கையும் ஸ்க்ரூவால் பிணைத்துவிட்டால் முழுத் தரையும் ஒரே பலகையாகிவிடும். பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு மில்லிமீட்டர் என்றால் முப்பது மில்லிமீட்டர் ஸ்க்ரூ. இரண்டு பலகையின் தடிமனையும் தாண்டினால் முனை அடியில் எட்டிப் பார்த்து ஃபோமைக் கிழிக்கும். தலை மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர், சுவரோரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி.

அந்தச் சுவரோர இடைவெளியில்தான் ஒரு தடவை நான் மாட்டிக்கொண்டேன். வேலையை ஒப்படைத்துவிட்டு இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தச்சர் பெருமையாக நின்றார். "மாஸ்டர், ஆடிக்கிட்டே இருந்துச்சு. சுத்தி நாலு பக்கமும் சுவரோட சேர்த்து அடிச்சு, நடுவுல பத்து எடத்துல கான்கிரீட்ல ஆங்கர் போட்டு இறுக்கிட்டேன். ஆனை ஏறினாலும் அசையாது."

உண்மைதான், அசையவில்லை. நானூறு ஃபோம் கட்டைகளும் வாழ்நாள் முழுக்க ஓய்வெடுக்கும்படி செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடாத தரைதான் நல்ல தரை என்று முப்பது வருஷம் பழகிய கை அது. எதற்காக இது ஆட வேண்டும் என்று நான்தான் விளக்கியிருக்க வேண்டும். ஆங்கரை எல்லாம் கழற்றிய பிறகு அவரையே நடுவில் குதிக்கச் சொன்னேன். இரண்டு தடவை குதித்துவிட்டு, "அட, படகு மாதிரில்ல இருக்கு" என்றார். இந்தத் தரை எதோடும் ஒட்டக் கூடாது. சுவர், கதவு நிலை, தூண், கான்கிரீட் எதுவானாலும் தொட்டால் அந்த இடத்தில் நெகிழ்வு போய்விடும்.

களிமண் சோதனை

நானூறு கட்டைகளையும் வாங்கும் முன் ஒரே ஒரு பலகைக்கு மட்டும் கட்டைகளை ஒட்டி மாதிரி செய்து பாருங்கள். இரண்டு அடுக்கும் மேலே மேட்டும் இருக்கட்டும். முதலில் யாரும் ஏறாமலே கட்டை எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டரில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அழுந்தியிருந்தால் ஃபோம் ரொம்ப மெத்து. நாளடைவில் சப்பையாகிவிடும்.

அப்புறம் கட்டைகளுக்கு நடுவில் ஒரு களிமண் உருண்டையைக் கட்டை உயரத்துக்குப் பிடித்து வையுங்கள். உங்களிடம் இருப்பவர்களில் கனமானவரை அதன் மேல் குதிக்கச் சொல்லுங்கள். விழத் தெரிந்தவர் என்றால் விழவும் சொல்லலாம். பலகையைத் தூக்கினால் களிமண் நசுங்கியிருக்கும். மிச்சமிருக்கும் உயரம்தான் பலகை இறங்கிய அடி எல்லை. ஐந்து மூன்றாகியிருந்தால் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, இன்னும் இடமும் இருக்கிறது, நல்ல தரை. ஒன்றரைக்கும் கீழே போயிருந்தால் கட்டை செங்கல் நிலையைத் தொட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். கட்டைகளை நெருக்கி வைக்க வேண்டும் அல்லது இறுக்கமான ஃபோமுக்கு மாற வேண்டும். நாலரையிலேயே நின்றிருந்தால் ரொம்ப விறைப்பு. ஒன்றுவிட்டு ஒன்று கட்டையை எடுத்துப் பாருங்கள், ஆனால் பலகை நடுவில் தொய்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரே பலகை தனியாக இருக்கும்போது முழுத் தரையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இறங்கும், அதையும் மனதில் வையுங்கள். என்னைக் கேட்டால், எந்தக் கடை விளம்பரத்தைவிடவும் இந்தக் களிமண்ணை நம்புவேன்.

மேட்டுகளைச் சுற்றி ஒரு மரச்சட்டம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் மேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்து, நடுவில் சரியாக ஒரு கால்கட்டைவிரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும். அந்தச் சந்துகளில் நகம் பெயர்ந்தவர்கள் அநேகம். சட்டத்தைப் பலகையோடு அடியுங்கள், சுவரோடு வேண்டாம். சட்டம் மேட்டைவிட உயரமாக இருக்கக் கூடாது, மேல் விளிம்பை இழைப்புளியால் மழுக்கிவிடுங்கள்.

கட்டை ஐந்து, பலகை மூன்றரை, மேட் நான்கு என்று பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரும். உள்பக்கம் திறக்கிற கதவு திறக்காது. இதைக் கடைசி நாளில்தான் எல்லாரும் கண்டுபிடிக்கிறார்கள். வாசலில் படியும் உருவாகும், யாராவது தடுக்கி விழுவார்கள், அங்கே ஒரு சரிவுப் பலகை போட்டுவிட வேண்டும். சுவர் அருகே எறிய நேர்ந்தால் ஆள் உயரத்துக்குச் சுவர்ப் பேடும் தேவை. ஃபோம் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் தரைக்கு அடியில் வயர் எதையும் ஓட்டாதீர்கள்.

கட்டி முடித்த பிறகு தரைக்குப் பெரிய எதிரி வியர்வையும் காற்றில்லாமையும்தான். சுவரோர இடைவெளியை அடைத்து அழகாகப் பட்டி அடிக்க வேண்டும் என்று ஆசை வரும். அடியுங்கள், ஆனால் காற்றுப் போக ஓட்டைகள் விடுங்கள். மாதம் ஒரு தடவை நாலைந்து மேட்டைத் தூக்கி நிமிர்த்தி வைத்து, அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாசனை வந்தால் ஈரம் எங்கிருந்தோ ஏறுகிறது. கரும்புள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் இரண்டு மாதத்தில் ஸ்க்ரூக்கள் கொஞ்சம் தளரும். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு விளக்கை அணைக்கும் முன் தரை முழுக்க ஒரு தடவை குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். எல்லா இடத்திலும் "தும்" என்று ஒரே மாதிரிக் கேட்க வேண்டும். எங்காவது "டக்" என்றால் அந்த இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் அந்த ஒரு மேட்டை மட்டும் தூக்கினால் போதும்.